ரெண்டு பொட்டலத்திலும்

மலைக்கு வண்டியில் போவது லடாக்கா, சிக்கிமா என்று கணவன் மனைவிக்குள் நடந்த சண்டை நேற்று சாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்ததில் முடிந்தது. வெள்ளைப் பூ வந்தால் சிக்கிம், சிவப்பு வந்தால் லடாக். மகள் சினேகா எடுத்த பொட்டலத்தில் சிவப்பு.

இன்று கம்பத்திலுள்ள அம்மா வீட்டுக்குக் கிளம்பிய சொர்ணலதா, காலண்டர் தாளைக் கிழித்து, கணவனுக்கு எழுதிப் புல்லட் சாவிக்கு அடியில் வைத்தாள்.

“என்னங்க, புளிக்கொழம்பு அடுப்பு மேல இருக்கு, சுடவச்சுச் சாப்பிடுங்க. வெளிய போறப்ப வீட்டுச் சாவிய பக்கத்து வீட்டு ஜெபஷீலா அக்காட்ட குடுத்துருங்க.

கோவிக்காதீக. எங்கண்ணன் லடாக் போயித் திரும்பாததுல இருந்து அந்தப் பேரக் கேட்டாலே எனக்கு ஆகல. அதான் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளை அரளியத்தான் மடிச்சேன். பறிச்சது ஒரே ஒரு செவப்பு, அதையும் வாய்க்கால்ல விட்டுட்டேன்.

காலையில மத்தப் பொட்டலத்தையும் பிரிச்சேன். அதுலயும் செவப்பு.”

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

“நீங்கதான மாத்தி வச்சீக? சண்டை போட மாட்டேன். ஆமான்னு மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க.”