பெயரில்லாத ஓடை

1951 ஆகஸ்ட் 19, உல்கான் ஆற்றங்கரை

சமையல்காரன் சவேலி போன வாரம் முழுகிச் செத்த ஓடைக்கு இன்று எங்கள் நில அளவைக் குழுத் தலைவர் கிளெப் மார்கோவிச் வரைபடத்தில் ‘சவேலி ஓடை’ என்று எழுதினார். எல்லாரும் தொப்பியைக் கழற்றினோம். எங்கள் தொழிலில் உயிரோடிருப்பவன் பெயரை எதற்கும் வைப்பதில்லை.

“ஒழுங்கா சூப் வைக்கத் தெரியாதவனுக்கே ஓடைன்னா, எனக்கு மலையே தரணும்,” என்றேன். படகோட்டி ஸஹார் சிரித்தான். தலைவரும் சிரித்தார்.

ஆகஸ்ட் 24

மலை உச்சியில் நில அளவைக்கான மரக் கோபுரம் நடுவதற்கு மரம் வெட்டும்போது கோடரி வழுக்கிக் கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. என் கை, என் கோடரி. யாரைத் திட்ட?

ஆகஸ்ட் 28

காய்ச்சல். ரேடியோப் பெட்டி சவேலியோடு ஓடையில் போயிற்று. இனிப் படகுதான் வழி. ஸஹார் கேட்டே விட்டான்: “லுக்யான் அண்ணனை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்துடறேன், தலைவரே.”

“படகு போயிட்டா அக்கரையை எப்படி அளக்குறது? பேரில்லாத அந்த ஒரு ஓடைதான் பாக்கி. முடிச்சிட்டு எல்லாரும் சேர்ந்தே போவோம். இவன் தாங்குவான், காளைமாட்டு உடம்பு.”

செப்டம்பர் 1

மூன்றாம் நாளாக மழை. அளக்க முடியவில்லை. படகு சும்மாதான் கட்டிக் கிடக்கிறது. படுத்த இடத்திலிருந்து தெரிகிறது.

செப்டம்பர் 4

கால் நாறுகிறது. ஸஹார் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டு மாற்றுகிறான். முட்டிவரை கறுத்துவிட்டது. பயமா இருக்கு. அம்மாகிட்ட யார் போய்ச் சொல்லுவா? ஒரு ஓடைக்காக நான் ஏன் சாகணும் — அதுல மீன்கூடக் கிடையாது.

செப்டம்பர் 6

அளந்து முடித்துவிட்டார்கள். விடிந்ததும் கிளம்புகிறோம். போதும், இனித் தாங்கிவிடுவேன்.

மாலையில் தலைவர் வரைபடத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “ஆஸ்பத்திரியில காலை எடுத்துடுவாங்களா?” என்று கேட்டேன். அவர் பேனாவை மையில் தோய்த்தார்.

“மலையெல்லாம் செத்துப்போன மேலிடத்து ஆளுங்க பேருக்குப் போயிடுச்சு, லுக்யான். ஓடை போதுமாப்பா?”

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? அவர் எழுதிவிட்டு, மை காய ஊதினார்.

செப்டம்பர் 7

படகில் என்னைக் கருவிப் பெட்டிகளுக்கு நடுவில் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த ஓடை ஆற்றில் சேரும் இடம் வந்ததும் ஸஹார் துடுப்பை நிறுத்தினான். தலைவர் தொப்பியைக் கழற்றினார். அவனும் கழற்றினான்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.