பதினேழாம் இலக்கப் பை

சிவமயம்

கண்டி
14.10.2003

அன்பு மகள் பவானிக்கு,

கட்டுக்கலைப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் அந்த நோர்வேயில் பேர்கன் குளிரில் சுகமாயிருக்க வேண்டும் என்று நாள்தோறும் பிள்ளையாரிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று கிழமை, பதில் போடவில்லை என்று கோபிக்காதே. ஆண்பிள்ளை பிறந்தால் நந்தகோபன் என்று அண்ணாவின் பேரை வைக்கலாமோ என்று நீ கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அப்பா அதை வாசித்துவிட்டு, உயிரோட இருக்கிறவன்ர பேரை எடுத்து ஆரும் பிள்ளைக்கு வைப்பினமோ என்று கத்திவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நோர்வேக்காரர் சமாதானம் பேசுகிறார்கள், சிறைகள் திறக்கும், தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ப் பேசாலையில் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிய பிள்ளை எந்த முகாமிலிருந்தாவது வந்து நிற்பான் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த வள்ளத்தில் போன ஒன்பது பேரில் ஒருவர்கூட இராமேஸ்வரத்தில் கரையேறவில்லை என்று நான் சொன்னால், உடம்பைக் கண்டது ஆர், வாய்க்கரிசி போடாத பிள்ளையைச் செத்தவன் எண்டு எப்பிடிச் சொல்லுவாய் என்று என்மேல் பாய்வார். உண்மையைச் சொன்னால், பதின்மூன்று வருடமாக அந்தக் கேள்விக்குப் பின்னால் நானும் ஒளிந்துகொண்டுதான் இருந்தேன்.

இனி எழுதப்போவதைப் பிள்ளைத்தாச்சிக்கு எழுதலாமோ என்று யோசித்தேன். பகலில், மருமகன் பக்கத்தில் இருக்கும்போது வாசி. ஆவணியில் எங்கள் பேராதனை ஆய்வுகூடத்துக்குக் கடலடி மண் வந்தது. சண்டை நின்றிருப்பதால் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று மன்னார்ப் பக்கம் போய், கரையை ஒட்டி ஆழம் குறைவாகப் பரந்து கிடக்கிற கடலடியில் நாற்பது இடத்தில் அள்ளி, இலக்கம் போட்ட பைகளில் அனுப்பியிருந்தார்கள். என் வேலை உனக்குத் தெரியும். அரிதட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பருமணல், கீழே வரவரப் பொடி என்று பிரித்து நிறுக்க வேண்டும். கடைசித் தட்டையும் கடந்து போகிற சேற்றைத் தட்டால் பிரிக்க முடியாது, அதில் ஒரு துளியை முன்பல்லில் வைத்துக் கடிப்பேன். நறநறத்தால் வண்டல், வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களிமண். துப்பிவிட்டு எழுதிக்கொள்வேன். எங்கள் பேராசிரியர் சேர், மெசினைவிட என் பல்லைத்தான் நம்புகிறவர் என்று நீ சின்ன வயதில் பகிடி பண்ணுவாய்.

பதினேழாம் பையை மட்டும் வீரையா அலுமாரிக்குப் பின்னால், லேபல் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க வைத்திருந்தார். நாவலப்பிட்டியிலிருந்து வந்து எங்கள் ஆய்வுகூடத்தில் கூட்டித் துடைக்கிறவர், எங்கள் கதை முழுக்கத் தெரிந்தவர். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறார் என்று நினைத்து ஏசினேன். அம்மா, அத நீங்க வாயில வைக்காதீங்க, நான் மெசின்ல போட்டுக்கிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். என் குணம் தெரியும்தானே, வேண்டாம் என்றால் அதைத்தான் செய்வேன். பறித்தெடுத்து அரித்து, மிஞ்சியதைப் பல்லில் வைத்தேன். நறநறத்தது. பிறகுதான் லேபலைத் திருப்பினேன். பேசாலைக்கு வடக்கே எட்டு மைல், ஆழம் பன்னிரண்டு மீற்றர். ஒரு பனை உயரம்கூட இல்லை மகள். துப்புவதற்குக் கோப்பையை எடுத்தேன், வாய் திறபடவில்லை. விழுங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து சோற்றில் மண் கடிபடுகிறது. அரிசியை மூன்று தரம் களைந்தேன், கடையையும் மாற்றிப் பார்த்தேன். அதே பானைச் சோற்றை அப்பா ஒன்றுமில்லை என்று சாப்பிடுகிறார். ஆய்வுகூடத்தில் நாற்பது மண்ணையும் உயரமான கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரோடு கலக்கி நிறுத்தினோம், எந்தப் பொடி எவ்வளவு நேரத்தில் அடியில் இறங்குகிறது என்று பார்ப்பதற்கு. முப்பத்தொன்பதும் தெளிந்துவிட்டன. பதினேழு தெளியவில்லை, இன்றைக்கு எட்டாம் நாள். உப்பு இருந்தால்தான் பொடி ஒன்றுசேர்ந்து இறங்கும், அதை அளவுக்கு மிஞ்சிக் கழுவிவிட்டீர்கள், அதுதான் என்று சேர் சொன்னார். அப்படித்தான் இருக்கும். ஆனால் உள்ளே போகும்போது நான் அந்த மேசையைப் பார்ப்பதில்லை, வீரையாவும் அந்தப் பக்கம் கூட்டுவதில்லை.

நேற்று மத்தியானம் முதற்கவளத்தை வாயில் வைத்தபோது திரும்பவும் கடிபட்டது, அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெற்றவளுக்குப் பிள்ளை வாய்க்கரிசி போடுவதுதானே முறை. உன் அண்ணா போட்டுவிட்டான் மகள். அந்தக் கடலடியில் அரிசிக்கு எங்கே போவான், கிடைத்ததைப் போட்டிருக்கிறான். பைத்தியம் என்று நீ சொன்னாலும் பரவாயில்லை. என் பிள்ளை இனி வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்று காலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாயவில்லை. உடம்பு இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் செய்யலாம் எண்டு ஐயர் முந்தி ஒருக்கால் சொன்னவரெல்லோ என்று மட்டும் கேட்டார். பிறகு வெள்ளிக்கு வெள்ளி தோய்த்து மடித்து வைத்திருந்த அண்ணாவின் சேர்ட்டை எடுத்துவந்து, வீரையாவுக்கு அளவாயிருக்கும், குடு என்று என் கையில் தந்தார்.

இரும்புச்சத்துக் குளிசையை விடாமல் போடு, வெறுவயிற்றில் தேத்தண்ணீர் குடிக்காதே. கடற்கரைக்கு உலாத்தப் போகிறதாக எழுதியிருந்தாய், பிள்ளை பிறக்கும் வரைக்கும் அது வேண்டாம். பிள்ளையார் உன்னையும் பிள்ளையையும் இரண்டாக்கி நல்லபடி காப்பாற்றித் தருவார். பேர் விஷயத்துக்கு நான் பதில் எழுதவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், அப்பா தானே எழுதுவதாகச் சொன்னார்.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா கமலாசனி

மகள், நந்தகோபன் என்றே வை.
அப்பா