பத்துக்குப் பத்தும் தவறு

என் அருமைத் தங்கச்சி,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் கருமாதி முடிந்து ஏழு மாதமாகிறது. யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வாசிக்கப் பழகும் அந்த மென்பொருளுக்கு நீ குரல் கொடுத்தபோது, பொம்மை வேலை என்று சிரித்தேன். பள்ளி விட்ட பிறகு நூலகக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பதிந்தாய். அறிமுக விழாவில் மாலை தலைமையாசிரியருக்கு. உன் பெயர் எங்குமே இல்லை. அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை. என் சிரிப்பையும்தான்.

இப்போது அதே வகுப்பில் உன் மகள். வாரா வாரம் அந்த மென்பொருள் அனுப்பும் அவள் அறிக்கை சிவப்பாகவே வருகிறது. உன் வீட்டுக்காரர் விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறவர். "டீச்சர் பிள்ள மக்குன்னு ஸ்கூடாய் ஊரே பேசுது மச்சான்" என்று என்னிடம் அழுதார்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த அறிக்கைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். தினமும் பத்துக்குப் பத்தும் தவறு. எழுத்து தெரியாத பிள்ளை குருட்டாம்போக்கில் தொட்டாலும் ஒன்றிரண்டாவது சரியாகியிருக்கும். ஒன்றுவிடாமல் தவறாகத் தொட, சரியானது எது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அவளிடமே கேட்டேன்.

"சரியா தொட்டா மணிதான் அடிக்கும் மாமா. தப்பா தொட்டாதான் அம்மா பேசுவாங்க."

கைக்கணினியில் தவறான சொல்லைத் தொட்டுக் காட்டினாள். "பரவால்ல கண்ணு, இன்னொரு தடவ பாரு" என்றாய் நீ.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கைக்கணினியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். அது பாதி உண்மைதான். பள்ளி விட்டு வந்ததும் அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிடுவேன். "இன்னொன்னு தப்பா தொடவா மாமா?" என்பாள். தலையாட்டுவேன். இரண்டு பட்டம் வாங்கிய தலை.

போன வாரம் தலைமையாசிரியர் கூப்பிட்டார். "பிள்ளைக்கு எழுத்தே புடிபடல லா சார். திங்கக்கிழமையிலேர்ந்து பின்தங்கின பிள்ளைங்களோட குறைநீக்கல் வகுப்புதான். சிஸ்டம் பொய் சொல்லாது." அப்போதும் நான் பேசவில்லை. வாசலில் நின்றிருந்த உன் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் மக்கா மாமா?" என்றாள்.

அந்தக் குரல் இல்லாமல் அவளை எப்படித் தேற்றுவேன்? என்னை யார் தேற்றுவார்கள்? ஆனாலும் திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் பள்ளிக்குப் போய், அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்று சொல்வேன். அவளைத் தோற்கவைத்து இனி உன்னைப் பேசவைக்க மாட்டேன். சத்தியம்.

உனக்கு அனுப்ப முகவரி இல்லாததால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அதில் என் பெயர் வந்தால் உன் மகள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.

உன் அண்ணன்