அமூனின் மனைவிக்கு வந்த கிண்ணம்

அம்மாவுக்கு, தீபஸ் கோயிலிலிருந்து மகள் தாமித்தின் வணக்கம். முழங்கால் வலி தணிந்ததா?

அமூன் கடவுளின் மனைவியாகப் பட்டமேற்று, கருவறைப் பூசை செய்யும் எங்கள் இளவரசிக்கு, போன திருவிழாவில், பூசைக்கு முன் தலைமைப் பூசாரி பாதிஹோர் திராட்சை மது கொண்டுவந்தார்.

"முதல்ல நீங்க குடிங்க" என்றாள் இளவரசி.

"பூசைக்கு முன்னாடி நான் குடிக்கக் கூடாதேம்மா."

"நான் மட்டும் குடிக்கலாமா? இன்னைக்குக் கருவறைப் பக்கமே நீங்க வரவேணாம்."

கிண்ணத்தை, எப்போதும் எடுத்துவைக்கும் என்னிடம் தராமல், அவர் தானே எடுத்துக்கொண்டு போனார்.

அன்று முதல் இளவரசியின் சாப்பாட்டை நான்தான் முதலில் ருசி பார்க்கிறேன். பயப்படாதே, ருசியான சாப்பாடுதான்.

ஒரு ஜாடியில் கொஞ்சம் பேரீச்சம்பழம் அனுப்பு. கடிதம் கொண்டுவரும் படகு கிளம்புகிறது, அவசரமாக முடிக்கிறேன். ஜாடியை நீயே களிமண்ணால் மூடி, உன் தழும்புக் கட்டைவிரலை அதில் அழுத்து. இங்கே வேறு எந்த முத்திரையையும் நான் நம்புவதில்லை.