ஜீரோ சரியாகத்தான் இருக்கிறது

மார்ச் 4, செவ்வாய்

காலை எடை 94. ஜனவரியில் 93. இரண்டு மாதத்தில் ஒரு கிலோதான். ஆனால் பெல்ட் இரண்டு ஓட்டை தள்ளிப் போயிருக்கிறது. கணக்கு உதைக்கிறது.

இருபத்திரண்டு வருடமாகத் தராசு ரிப்பேர் செய்கிறேன். இரண்டு கருவிகள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒன்று பொய் சொல்கிறது என்று அர்த்தம். குளியலறைத் தராசைக் குனிந்து பார்த்தேன், முள் ஜீரோவில் அசையாமல் நிற்கிறது. அப்படியானால் பெல்ட்தான். அல்லது என் மனைவி வாஷிங் மெஷினில் வெந்நீர் வைத்து பேண்ட்டைச் சுருக்குகிறாள். கேட்டேன். "துணி சுருங்கலாம், பெல்ட்டுமா சுருங்கும்?" என்றாள். சிரிக்காமல் கேட்டாள், அதுதான் உறுத்துகிறது.

ஆபரேஷன் செய்து வயிற்றைச் சின்னதாக்கி ஆறு வருடம். 138-லிருந்து 79 வரை இறங்கினேன். அதற்குப் பிறகு ஏறியதை எழுதி என்ன ஆகப்போகிறது.

சாப்பாடு: கோப்பையில் பாதி. இடையில் ஒன்றும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

டூல் பையின் ஜிப்பை நான் முழுதாக மூடித்தான் வைப்பேன். இன்று ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

இடையில் ஒன்றும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மைத்துனன் வந்தான். உள்ளே நுழையும்போதே, "என்ன மாமா, பழைய ஃபார்முக்கு வந்துட்டீங்க போல." அவள் கண்ணாலேயே அவன் வாயைக் கட்டினாள். அந்தப் பார்வையை நான் பார்த்துவிட்டேன். முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அப்படி ஒரு பார்வை வராது. அக்காவும் தம்பியும் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள்?

பிறகு அவளுக்கு ஒரு ஃபோன். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். "அவருக்குத் தெரியாம..." என்பது மட்டும் காதில் விழுந்தது.

எனக்குத் தெரியாமல் என்ன?

சாப்பிடும்போது இருவரும் என் தட்டைப் பார்க்காமல் பார்த்தார்கள். நான்கு வாய்க்குமேல் தொடவில்லை. அவர்கள் பார்க்க வேண்டும் என்றேதான் அப்படி எழுந்தேன். இடையில் ஒன்றும் இல்லை.

மார்ச் 12, புதன்

மளிகைக் கிடங்கில் சாக்கு நிறுக்கும் மேடைத் தராசு. முள் ஜீரோவில் ஜம்மென்று நின்றது. என் இருபது கிலோ எடைக்கல்லை வைத்தால் இருபத்தொன்று காட்டுகிறது. பழைய வேலைதான். கெட்டிக்காரன் ஜீரோவைத் தொடமாட்டான். உள்ளே இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறது, அதைத்தான் திருகுவான். வாங்குபவர் காலித் தட்டைப் பார்த்துத் திருப்தியாகிப் போய்விடுவார்.

"யார் கை வெச்சது?" என்றேன்.

"எலியா இருக்கும்," என்றார் கிடங்குக்காரர்.

"எலிக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியுமா?"

தலையைச் சொறிந்தார். சரிசெய்து, எல்லாக் கல்லையும் வைத்துச் சோதித்து, சிவப்புப் பெயிண்ட்டால் ஸ்க்ரூவை அடைத்தேன். அவருக்கு என்மேல் கடுப்பு இருந்திருக்க வேண்டும். "நூறு கிலோவுக்கு எப்படி இருக்குன்னு யார் கண்டது? நீங்களே ஏறி நில்லுங்க, அதுக்கு எதுக்குத் தனியா கல்லு," என்றார். கூலி ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்தால் இன்னும் கேவலம்.

ஏறினேன்.

நூறு.

பூட்ஸ், பெல்ட், சாவிக்கொத்து எல்லாம் சேர்த்து ஒரு கிலோ. மீதி தொண்ணூற்றொன்பது. வீட்டில் தொண்ணூற்று நாலு. நடுவில் அந்த ஐந்து கிலோ எங்கே? இந்த மேடையைக் குறை சொல்ல முடியாது. பத்து நிமிடத்துக்கு முன்னால் நானே சரிபார்த்தது, என் கல், என் கை.

அப்படியானால்...

மார்ச் 13, வியாழன்

அவள் கடைக்குப் போயிருந்தாள். இரண்டு இருபது கிலோ கல்லைக் குளியலறைக்குத் தூக்கிப் போனேன். நாற்பதுக்கு முப்பத்தெட்டு காட்டியது. மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் முப்பத்தெட்டு.

மூடியைத் திறந்தேன். ஸ்க்ரூவின் தலையில் கீறல், பளபளவென்று புதுசாக. தராசின் உள்ளே இது எங்கே இருக்கிறது என்று ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்யாணமான புதிதில் முன்னறைதான் பட்டறை. எனக்கு டார்ச் பிடித்தது யார்? "ஜீரோவைத் தொட்டா மாட்டிக்குவான், இதைத் தொட்டாத்தான் யாருக்கும் தெரியாது" என்று நான் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தது யாருக்கு?

ஊரான் தராசையெல்லாம் கையும் களவுமாகப் பிடிப்பவன் வீட்டில், தினமும் காலை, ஜீரோவைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

கேட்டேன். பூசி மெழுகுவாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சூண்டு."

"ஏன்?"

"போன வருஷம் முள்ளு தொண்ணூறைத் தாண்டின அன்னைக்கு என்ன பண்ணீங்க? மூணு நாள் தண்ணியைக் குடிச்சுட்டு வேலைக்குப் போனீங்க. கறிக்கடையில மயங்கி விழுந்து மண்டை உடைஞ்சுது. எனக்குத்தான் ஃபோன் வந்தது. இன்னொரு ஃபோன் வரக்கூடாதுன்னு பண்ணேன்."

"என்னை ஏமாத்திட்ட."

"ஆமா, ஏமாத்தினேன். தப்புதான். நீங்க?"

எழுந்து போய் டூல் பையைக் கொண்டுவந்தாள். ஐந்து கிலோ கல்லைத் தூக்கினாள். அடியில் இருந்ததை எடுத்து மேசையில் வைத்தாள். கிரீம் பிஸ்கட், மூன்று பாக்கெட். ஒன்று பாதி காலி.

"துவைக்கிற பேண்ட் பாக்கெட்ல தூள் வருதுங்க. ரெண்டு வருஷமா வருது," என்றாள்.

மார்ச் 15, சனி

மானம் போச்சு. எவ்வளவு நாளாப் பார்த்துட்டு இருந்திருக்கா. பார்த்தும் கேக்கல. கேட்டிருந்தா நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

பழைய பக்கங்களைப் புரட்டினேன். இடையில் ஒன்றும் இல்லை. இடையில் ஒன்றும் இல்லை. நோட்டு நெடுக அதே பல்லவி. யாரும் படிக்காத நோட்டு இது. இதில் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்?

சரி, எழுதுகிறேன். சோறு உள்ளே போனால் நாலு வாயில் வயிறு அடைத்துக்கொள்ளும். பிஸ்கட் டீயில் நனைந்தால் அடைக்காது, வழுக்கிக்கொண்டு இறங்கும். ஐஸ்கிரீமும் அப்படித்தான். அதைக் கண்டுபிடித்தது நான்காவது வருடம். அதே வருடம்தான் மருத்துவமனைப் பரிசோதனைக்குப் போவதை நிறுத்தினேன். கடைக்குக் கடை டீ, வண்டியில் உட்கார்ந்து ஒரு பாக்கெட், சில நாள் இரண்டு. போன ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் முன்னால் நாலு வாயோடு எழுந்தவன், அவனை வழியனுப்பப் போன சாக்கில் தெருமுனையில் ஐஸ்கிரீம் தின்றேன்.

பயமாக இருக்கிறது. மறுபடி 138-க்குப் போய்விடுவேன் என்று பயம். அந்தப் பயம் வந்த நாளிலிருந்து எல்லாரையும் சந்தேகப்பட்டேன், பெல்ட்டைக்கூட விடவில்லை.

மாலையில் அவளே வந்து சொன்னாள்: பால்கனியில் பேசியது மருத்துவமனை நர்ஸிடம். ஏப்ரல் மூன்றுக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறாள். "வர்றதும் வராததும் உங்க இஷ்டம்," என்றாள். நான் தராசைத் திறந்து ஸ்க்ரூவைச் சரியாக வைத்தேன். அவள் கேட்காமலே டார்ச் பிடித்தாள்.

ஏப்ரல் 3, வியாழன்

போனோம். நர்ஸ் தராசைக் காட்டினார். வழக்கமாக எந்தத் தராசைக் கண்டாலும் முத்திரை இருக்கிறதா, ஜீரோ நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். இன்று பார்க்கவில்லை. பூட்ஸைக் கழற்றி ஏறினேன். தொண்ணூற்றெட்டரை.

"திரும்ப ஏறுறது உங்களுக்கு மட்டும் இல்ல, நிறைய பேருக்கு நடக்குது. அதுக்கும் வழி இருக்கு. ஆனா முதல்ல என்ன சாப்பிடறீங்கன்னு தெரியணும். எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றார்.

"வெச்சிருக்கேன். ஆனா குறைச்சுக் காட்டும்."

பக்கத்து நாற்காலியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

சாப்பாடு: காலை அரைக் கோப்பை, மதியம் அரைக் கோப்பை. இடையில்: கிரீம் பிஸ்கட் நாலு.