பள்ளிப் பீரோவில் உள்ள உயிர்காக்கும் ஊசியை எடுத்துப் பார்க்கக் கோருவது

அனுப்புநர்:
இரண்டாம் வகுப்பு மாணவியின் தாய்வழித் தாத்தா,
ஓய்வுபெற்ற கிடங்குக் காவலாளி,
பள்ளிக்குப் பின்தெரு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: என் பேத்திக்காகப் பள்ளியில் கொடுத்துவைத்த அவசர ஊசி செலவாகிவிட்டதாகச் சந்தேகம் – நேரில் சோதிக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு மருமகப்பெண் எழுதுகிறாள். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைத்திருக்கிறேன்.

1. என் பேத்திக்கு வேர்க்கடலை ஆகாது. தூள் பட்டாலும் ஆகாது. சென்ற ஆண்டு பக்கத்து வீட்டில் கொடுத்த பிஸ்கட்டை ஒரு கடி கடித்தாள். உதடு வீங்கி, குரல் கம்மி, "தாத்தா, தொண்டைக்குள்ள யாரோ கைய வெச்சு அமுக்குறாங்க" என்றாள். அதற்குப்பின் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டுத்தான் அவளை மீட்டார்கள்.

2. டாக்டரம்மா பேனா போன்ற ஊசி இரண்டு கொடுத்தார். ஒன்று வீட்டில், என்னிடம். மற்றது பள்ளியில். ஆசிரியர்கள் பழகிப் பார்க்க, ஊசிமுனை இல்லாத வெற்றுப் பேனா ஒன்றையும் கொடுத்தார். நல்ல பேனாவில் சின்னச் சன்னல் இருக்கிறது. மருந்து இருந்தால் அதில் தண்ணீர் போலத் தெரியும், குத்தி முடித்தால் சன்னல் அடைத்துக்கொள்ளும் என்று எனக்குக் காட்டினார். மூன்றையும் கையில் வாங்கிப் பார்த்தவன் நான். அவற்றில் இரண்டைத் தலைமை ஆசிரியை கையில் நானே ஒப்படைத்தேன்.

3. சென்ற வாரம் பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களையும் உட்கார வைத்து, ஊசி போடும் விதம் செய்து காட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். அதை வாசலில் நின்று பார்த்த பேத்தி அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே, "தாத்தா, பி.டி. சார் என் ஊசிய ஆரஞ்சுப் பழத்துல குத்துனாரு! டப்புனு சத்தம் வந்துச்சு. பழத்துலேருந்து தண்ணி ஒழுகுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க" என்றாள். வெற்றுப் பேனாவிலிருந்து எப்படி ஐயா தண்ணீர் ஒழுகும்?

4. மறுநாளே போய்க் கேட்டேன். "அது டம்மி, பெரியவரே" என்றார் தலைமை ஆசிரியை. அப்படியானால் டம்மியைக் காட்டுங்கள் என்றேன். பீரோவைத் திறந்தார். வெற்றுப் பேனா ஆஸ்பத்திரியில் ஒட்டிய பிளாஸ்திரி கூடப் பிரிக்காமல் பைக்குள் அப்படியே கிடந்தது. நல்ல பேனாவை என் கையில் தரவில்லை. தூரத்தில் தூக்கிக் காட்டிவிட்டு உடனே உள்ளே வைத்தார். அந்தச் சன்னல் அடைத்திருந்ததாகத்தான் என் கண்ணுக்குப் பட்டது. என் கண்ணில் புரை இருப்பது உண்மை. அதனால்தான் தங்கள் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன்.

5. அன்றிலிருந்து என்னை உள்ளே விடக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. "இந்தத் தாத்தாவுக்குத் தொட்டதுக்கெல்லாம் சந்தேகம்" என்று அலுவலக அறையில் சிரித்தது வெளியே வரை கேட்டது. சந்தேகப்படுவதற்குத்தான் ஐயா எனக்கு ஆயுள் முழுக்கச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தை இந்த வயதில் எங்கே கொண்டுபோய்க் கழற்றிவைப்பது?

6. பி.டி. ஆசிரியர் தங்கமான பிள்ளை. குழந்தை ஒருமுறை விழுந்தபோது வீடு வரை தூக்கி வந்தவர். முனை இல்லாததைப் பொம்மை என்று ஒதுக்கிவிட்டு, நல்லதைக் காட்டினால்தான் எல்லாருக்கும் புரியும் என்று நினைத்திருப்பார். அவரைத் தண்டிக்க வேண்டாம். செலவானதை முழுசாக இருக்கிறது என்று மேலே இருப்பவர்கள் சாதிப்பதைத்தான் தாங்கள் கேட்க வேண்டும்.

7. வீட்டு ஊசியைக் கேட் வரை கொண்டுபோய் நீட்டினேன். "ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" என்று திருப்பிவிட்டார்கள். வாங்கினால் முதல் ஊசி போனதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா? என் மகளோ, "அப்பா, வம்ப விலைக்கு வாங்காதீங்க. பிள்ளைக்கு டி.சி. குடுத்துருவாங்க" என்று அழுகிறாள்.

8. ஊசி காலி என்று தெரிந்தால், குழந்தை மூச்சுத் திணறும்போது அந்த நொடியே ஆம்புலன்சுக்கு ஓடுவார்கள், என்னையும் கூப்பிடுவார்கள். ஊசி இருக்கிறது என்று நம்பினால், சாவியைத் தேடி, பீரோவைத் திறந்து, வெறும் குழாயைத் தொடையில் குத்திவிட்டு, இதோ சரியாகிவிடும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆகவே, தாங்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து அந்த ஊசியைத் தங்கள் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். செலவாகியிருந்தால் புதிது வாங்கிவைக்கவும், பூட்டாத இடத்தில் வகுப்பறையிலேயே வைக்கவும், வகுப்பாசிரியைக்கும் அவர் இல்லாத நாளில் இன்னொருவருக்கும் வெற்றுப் பேனாவால் பழக்கித் தரவும் ஆணையிட வேண்டும். இந்த மனுவை 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதி அதே தலைமை ஆசிரியைக்கே அனுப்பிவிட வேண்டாம். அப்படித்தான் நடக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

ஊசி முழுசாக இருந்தால் தலைமை ஆசிரியையிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். என் சந்தேகம் பொய்யாகப் போக வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். தாங்கள் வரும்வரை, வீட்டு ஊசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வரமாட்டேன். குழந்தைக்கு ஏதாவது என்று உள்ளிருந்து சத்தம் வந்தால் மட்டும், எதற்கு வந்தாய் என்று கேட்காமல் எனக்குக் கேட்டைத் திறந்துவிட வேண்டும் என்று அந்த வாட்ச்மேனுக்கு இன்றே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள் ஐயா.

இடம்: பள்ளிக்குப் பின்தெரு
நாள்: இம்மாதம் பதினான்காம் தேதி

இப்படிக்கு,
குழந்தையின் தாத்தா
(இடது கைப் பெருவிரல் ரேகை)