இட்லித் துணி கிடைத்துவிட்டது

என்னங்க, காரை இழுத்துப் போக வொர்க்‌ஷாப்பிலிருந்து பிரபாகர் வந்தால் திருப்பி அனுப்புங்கள். எஞ்சினை மறுபடி பிரிக்க வேண்டாம். போன தடவை பிரித்தபோது மூன்று மாதம் கார்புரேட்டர் நம் சாப்பாட்டு மேசையில் குடியிருந்தது.

காணாமல் போன இட்லித் துணியை நீங்கள்தான் கார் துடைக்க எடுத்திருப்பீர்கள் என்று காலையில் கார்பார்க்குக்கு இறங்கினேன். உங்கள் அறுபது வயசு கார் ராணியம்மாவின் பானெட்டைத் திறந்தால், சீ! எஞ்சின் மூச்சு விடுகிற குழாய்க்குள் என் துணி, கறுப்பாய், கொழகொழவென்று. கண்காட்சிக்குப் பாலிஷ் போட்டபோது தூசி போகக்கூடாதென்று அடைத்தீர்கள், எடுக்க மறந்துவிட்டீர்கள். மூச்சு முட்டினால் எண்ணெய் இடுக்குக்கு இடுக்கு பிதுங்காமல் என்ன செய்யும்?

இந்த எண்ணெய் ஒழுகலுக்கா நாலு தடவை கேஸ்கெட் மாற்றி, டியூப் டியூபாய்ப் பசை அப்பினீர்கள்? பழைய கார் கிளப்பில் வேறு மைக் பிடித்து, "ஒழுகுவதுதான் பழைய எஞ்சினின் கம்பீரம்" என்று முழங்கினீர்கள். அத்தனை பேரும் கை தட்டினார்கள். அந்தக் கம்பீரத்தைக் குப்பையில் போட்டுவிட்டு மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். இன்னும் நாறுகிறது.

தோசை மாவு ஃபிரிட்ஜில். இட்லி கிடையாது, ஏன் என்று கேட்காதீர்கள்.

ரஞ்சிதம்

பி.கு.: நேற்று "பழைய இரும்புக்குப் போடுங்க லா" என்றேன். நீங்கள் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள். அது வேண்டாம், விற்க வேண்டாம்.

இன்னொன்று: குழாயைத் துடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஒழுகவில்லை என்றால் சாயங்காலம் தேக்கா மார்க்கெட் வாசலுக்கு அதிலேயே வாருங்கள், ஏறுவேன். சீட்டில் செய்தித்தாள் விரித்துத்தான்.